காணாமல் கடிக்கும் சோயா

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம். அச்சுக்குப் போக வேண்டிய பக்கத்தைத் திருத்திக்கொண்டு ஆபீஸில் உட்கார்ந்திருந்தேன். டெலிபோன் அடித்தது. அக்காவின் குரல்.

"குழந்தைக்கு உதடெல்லாம் வீங்கிப் போச்சு. மூச்சு இழுக்கிறது. ஆஸ்பத்திரிக்குப் போய்க்கொண்டிருக்கிறோம். நீ உடனே வா" என்றாள். அவ்வளவுதான்; வைத்துவிட்டாள்.

அக்கா பையனுக்கு ஏழு வயது. அவனுக்குச் சோயா ஆகாது என்று மூன்று வயதிலேயே டாக்டர் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அந்த வீட்டுக்குள் மீல் மேக்கர் நுழைந்தது கிடையாது. ஓட்டலில் குருமா வந்தால், அதில் என்னென்ன போட்டிருக்கிறது என்று அக்கா சமையற்காரரையே கூப்பிட்டு விசாரிப்பாள். பிறந்த நாள் விருந்தில் நூடுல்ஸ் வைத்தால், "சோயா ஸாஸ் ஊற்றினீர்களா?" என்று கேட்பாள். அழைத்தவர்கள் முகம் சுளித்தாலும் கவலைப்பட மாட்டாள். இப்படிக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காக்கிற வீட்டுக்குள் சோயா எந்த வழியாக வந்தது?

சத்துப் பவுடர் டப்பாவுக்குள் உட்கார்ந்துகொண்டு வந்தது.

அக்காவின் மாமியார் ஊரிலிருந்து வந்து பத்து நாள் ஆகியிருந்தது. பேரனைப் பார்த்ததிலிருந்து அவருக்கு ஒரே விசாரம். "எலும்பும் தோலுமாக இருக்கிறானே!" என்று சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனார். அன்றைக்கு அக்கா வேலையிலிருந்து திரும்புவதற்குள், தெருமுனை மருந்துக் கடைக்குப் போய், தம் சொந்தப் பணத்தில் ஒரு டப்பா வாங்கி வந்து, இரண்டு ஸ்பூன் பவுடரைப் பாலில் கலந்து கொடுத்திருக்கிறார். பத்து நிமிஷத்துக்குள் குழந்தையின் கழுத்திலும் கையிலும் தடிப்புத் தடிப்பாகக் கிளம்பியிருக்கிறது. பாட்டி அதைக் காணாக்கடி என்று நினைத்துக்கொண்டார். எது கடித்தது என்று கண்ணுக்குத் தெரியாமல் உடம்பு தடிப்பதற்கு நம் பெரியவர்கள் வைத்த பெயர் அது. பெயர் என்னவோ பொருத்தமானதுதான்!

நல்லவேளை, உதடு வீங்கத் தொடங்கியபோது அக்கா படியேறி வந்துவிட்டாள். ஆஸ்பத்திரியில் தொடையில் அட்ரினலின் ஊசி போட்டார்கள். அடங்கிய பிறகும் சில மணி நேரம் கழித்து மறுபடி கிளம்பக்கூடும் என்று இரவு முழுவதும் அங்கேயே வைத்திருந்தார்கள். காலையில் பையன் இட்லி கேட்டான். எங்களுக்கு உயிர் வந்தது.

ஆனால் வீட்டுக்கு வந்த பிறகு நடந்ததுதான் எனக்குப் பெரிய கஷ்டமாக இருந்தது. பாட்டி சாப்பிடவில்லை. "என் கையாலேயே என் பேரனுக்கு விஷம் கொடுத்துவிட்டேனே" என்று சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அக்கா ஒரு வார்த்தை சுடுசொல் சொல்லவில்லை; ஆனால் ஒரு வார்த்தையும் பேசவில்லை. சண்டை போட்டிருந்தால்கூடத் தேவலை என்று தோன்றிற்று.

நான் அந்த டப்பாவை எடுத்துப் பார்த்தேன். முன்பக்கத்தில் ஓடுகிற பையன் ஒருவன், ஒரு தம்ளர் பால், பெரிய எழுத்தில் 'புரோட்டீன்'. பின்பக்கத்தில் சேர்மானப் பட்டியல். மூன்றாவது பெயர், 'ஸாய் புரோட்டீன் ஐஸொலேட்'. அதாவது சோயாவிலிருந்து பிரித்தெடுத்த புரதம். பட்டியலுக்கு அடியில், பாலும் சோயாவும் இதில் உண்டு என்று தனியாக ஒரு வரி. டப்பா எதையும் மறைக்கவில்லை. சொல்ல வேண்டியதைக் கடுகளவு எழுத்தில், இங்கிலீஷில் சொல்லியிருந்தது. பாட்டிக்குத் தமிழ் மட்டும்தான் தெரியும்.

இதில் யாரைக் குற்றம் சொல்வது? எனக்குத் தெரியவில்லை. ஆனால் ஒரு விஷயம் உறைத்தது. சமையலறையில் காட்டுகிற ஜாக்கிரதையை நாம் மருந்து அலமாரியில் காட்டுவதில்லை. சத்து மாத்திரை, டானிக், புரோட்டீன் பவுடர் என்றால், அவை உடம்புக்கு நல்லது செய்யத்தானே வருகின்றன என்று கதவைத் திறந்துவிடுகிறோம். அன்றிலிருந்து டாக்டரையும், மருந்துக் கடைக்காரரையும், கடை கடையாய் டப்பாக்களையும் விசாரித்துத் தெரிந்துகொண்டதை உங்களுக்குச் சொல்கிறேன். உங்கள் வீட்டிலோ உறவிலோ சோயா ஆகாத குழந்தை இருந்தால், இந்தப் பக்கத்தைக் கத்தரித்து வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில், குற்றவாளி யார் என்று தெரிந்துகொள்ள வேண்டும். அலர்ஜியைக் கிளப்புவது சோயாவில் உள்ள புரதம். ஆகவே புரதம் எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவு அபாயம். சத்துப் பவுடரில் சேரும் சோயாப் புரதம் நேரடி எதிரி. நன்றாகச் சுத்திகரித்த சோயா எண்ணெயில் புரதம் அநேகமாக இருக்காது. செக்கிலோ எக்ஸ்பெல்லரிலோ பிழிந்து அப்படியே விடும் எண்ணெயில் கொஞ்சம் தங்கிவிடும். இரண்டுக்கும் நடுவில் நிற்பது லெசித்தின் என்கிற ஆசாமி. இவரைப் பற்றிக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும்.

1840-களில் பிரெஞ்சு ரஸாயன நிபுணர் கோப்லே முட்டையின் மஞ்சள் கருவிலிருந்து லெசித்தினைப் பிரித்தெடுத்தார். மஞ்சள் கருவுக்கான கிரேக்கச் சொல்லிலிருந்துதான் அதற்குப் பெயரே வந்தது. இப்போது கடைச் சரக்கில் வருவது பெரும்பாலும் சோயாவிலிருந்து வருவது. சோயா எண்ணெயை எடுத்தவுடன் அதில் பிசின் போன்ற ஒரு வஸ்து கலந்திருக்கும். தண்ணீர் சேர்த்துப் பிரித்தால் பிசின் தனியே ஒதுங்கும். அதுதான் லெசித்தின். எண்ணெயும் தண்ணீரும் ஒட்டாது என்பார்கள். இது இரண்டையும் ஒட்டவைக்கும். பாலில் போட்டவுடன் கட்டி தட்டாமல் கரைகிறதே, அந்தப் பவுடர்களில் இதைத் தூவியிருப்பார்கள். ஆகையால் 'சுத்தமான பால் புரதம்' என்று முன்பக்கம் சொல்லும் டப்பாவிலும் பின்பக்கம் சோயா லெசித்தின் இருக்கலாம்.

லெசித்தினில் மிஞ்சியிருக்கும் புரதம் மிகச் சொற்பம். சோயா ஆகாத பலருக்கு இது ஒன்றும் செய்வதில்லை. ஆனால் சிலருக்குச் செய்கிறது. உங்கள் குழந்தை எந்தக் கட்சி என்று நீங்களும் நானும் தீர்மானிக்கக் கூடாது. டாக்டர்தான் தீர்மானிக்க வேண்டும். "லெசித்தின் கொடுக்கலாமா, சுத்திகரித்த எண்ணெய் கொடுக்கலாமா?" என்று இரண்டையும் தனித்தனியாகக் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பாதி வீடுகளில் இந்தக் கேள்வியைக் கேட்பதே இல்லை.

அடுத்தது, பளபளவென்று கண்ணாடி மாதிரி இருக்கும் மெத்தென்ற காப்ஸ்யூல். ஏ, டி, ஈ, கே என்ற நான்கு வைட்டமின்களும் எண்ணெயில்தான் கரையும். அதனால் உள்ளே ஏதாவது ஓர் எண்ணெய் வேண்டும். சோயா எண்ணெய் மலிவாகக் கிடைக்கிறது. எண்ணெயில் கரையாத சத்துக்களைப் போட்டால் அடியில் தங்கிவிடாமல் இருக்கத் தேன்மெழுகும் லெசித்தினும் சேர்ப்பார்கள். ஆக, குழந்தைக்கு வேண்டியது வைட்டமின் டி. கூடவே துணைக்கு வருகிறது சோயா. கல்யாணத்துக்கு மாப்பிள்ளையை அழைத்தால் பெயர் தெரியாத நாலு பேர் கூட வருவதில்லையா, அந்த மாதிரி!

வைட்டமின் ஈ-யிலும் ஒரு சூட்சுமம் உண்டு. பெயருக்கு முன்னால் 'டி-ஆல்ஃபா' என்றிருந்தால் இயற்கையில் எடுத்தது. அதைப் பெரும்பாலும் சோயா போன்ற எண்ணெய்களைச் சுத்திகரிக்கும்போது கிடைக்கும் மிச்சத்திலிருந்து எடுக்கிறார்கள். 'டிஎல்-ஆல்ஃபா' என்றிருந்தால் ரஸாயனச் சாலையில் செய்தது. மீன் எண்ணெய் காப்ஸ்யூலில்கூட, எண்ணெய் காறிப்போகாமல் இருக்க வைட்டமின் ஈ சேர்ப்பது வழக்கம்.

பரீட்சைக் காலத்தில் 'ஞாபக சக்தி' என்று விற்கும் காப்ஸ்யூல்களில் பாஸ்ஃபடைடைல்செரைன் என்ற நீண்ட பெயர் ஒன்று இருக்கும். ஒரு காலத்தில் அதை மாட்டு மூளையிலிருந்து எடுத்தார்கள். இப்போது சோயாவிலிருந்தோ சூரியகாந்தியிலிருந்தோ எடுக்கிறார்கள். மாதவிலக்கு நிற்கும் வயதுப் பெண்களுக்கென்று விற்கும் சில மாத்திரைகளில் ஐஸோஃப்ளேவோன் என்ற சரக்கே சோயாவிலிருந்து வருவதுதான். அம்மாவின் மாத்திரை சீசாவும் குழந்தையின் சீசாவும் ஒரே தட்டில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால், அவசரத்தில் மாறிப்போக எவ்வளவு நேரம் ஆகும்?

சரி, அட்டையை எப்படிப் படிப்பது?

நம் நாட்டில் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020-ஆம் வருஷத்து லேபிள் விதிகளின்படி, அலர்ஜி தரக்கூடிய எட்டு வகைப் பொருள்களை, 'இன்னது உண்டு' என்று தனியாகச் சொல்லியாக வேண்டும். குளூட்டன் உள்ள தானியங்கள், இறால் நண்டு வகை, பால், முட்டை, மீன், வேர்க்கடலையும் கொட்டைப் பருப்புகளும், சோயா, கிலோவுக்கு 10 மில்லிகிராமும் அதற்கு மேலும் உள்ள ஸல்ஃபைட் ஆகியவையே அந்த எட்டு. ஆகவே பட்டியலில் 'எமல்ஸிஃபையர் 322' என்று பார்த்தால் அது லெசித்தின். எதிலிருந்து எடுத்தது என்பதை அந்த நம்பர் சொல்லாது. கீழே உள்ள அலர்ஜி வரியில் சோயா இருக்கிறதா என்று பாருங்கள். எண்ணெய்க்கு மட்டும் அந்த வரியிலிருந்து விலக்கு உண்டு. அதனால் எண்ணெய் எது என்பதைப் பட்டியலிலேயே தேட வேண்டும். 'இருக்கக்கூடும்' என்று ஒரு வரி போட்டிருந்தால், அதே இயந்திரத்தில் சோயாச் சரக்கும் ஓடுகிறது என்று அர்த்தம். கடுமையான அலர்ஜி உள்ள குழந்தைக்கு அதுவும் வேண்டாம்.

இதுவரை சொன்னதெல்லாம் உணவு என்ற பெயரில் விற்கும் சத்துப் பொருள்களுக்கு. அவற்றில் 14 இலக்கம் கொண்ட உணவு லைசென்ஸ் எண் இருக்கும். 'மருந்தாக உபயோகிக்க அல்ல' என்ற எச்சரிக்கையும் இருக்கும். ஆனால் அதே வைட்டமின் மருந்து லைசென்ஸிலும் தயாராகிறது. அதை ஆள்வது 1940-ஆம் வருஷத்து மருந்துச் சட்டம். அந்த அட்டைகளை எடுத்துப் பாருங்கள். வைட்டமின் எத்தனை யூனிட் என்று துல்லியமாக இருக்கும். எண்ணெய், மெழுகு, லெசித்தின் ஆகியவற்றையெல்லாம் பல அட்டைகளில் 'எக்ஸிபியண்ட்ஸ், போதுமான அளவு' என்று இரண்டு வார்த்தையில் முடித்திருப்பார்கள். அலர்ஜி வரியும் இராது. அட்டையில் சோயா என்று இல்லாததால் உள்ளே சோயா இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. காணாக்கடி என்று நான் சொல்வது இதைத்தான்.

வெளிநாட்டுப் பிள்ளைகள் அனுப்பும் சீசாக்களுக்கு வேறு கணக்கு. அமெரிக்காவில் 2004-ல் இயற்றி 2006 முதல் அமலில் உள்ள சட்டம் சத்து மாத்திரைகளுக்கும் பொருந்தும். சோயா லெசித்தினைச் சொல்லியே ஆக வேண்டும். மிகவும் சுத்திகரித்த எண்ணெய்க்கு மட்டும் விலக்கு. பட்டியலின் அடியில் 'கன்டெயின்ஸ்' என்று தொடங்கும் வரியிலோ, பட்டியலுக்குள் அடைப்புக் குறியிலோ அது இருக்கும். ஐரோப்பாவில் 2011-ஆம் வருஷத்து விதிப்படி, பட்டியலுக்குள்ளேயே அந்தச் சொல்லைத் தடித்த எழுத்திலோ வேறு விதத்திலோ எடுப்பாகக் காட்டுவார்கள். முழுக்கச் சுத்திகரித்த சோயா எண்ணெய்க்கும், சோயாவிலிருந்து எடுத்த இயற்கை வைட்டமின் ஈ-க்கும் அங்கே விலக்கு. எனவே லண்டன் சீசாவில் அடிவரியைத் தேடிவிட்டு, இல்லை என்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள்.

அட்டை பேசாவிட்டால் கம்பெனியைப் பேசவைக்க வேண்டியதுதான். டப்பாவில் வாடிக்கையாளர் தொடர்பு எண்ணும் விலாசமும் இருக்கும். மூன்றே கேள்வி: உள்ளே என்ன எண்ணெய்? லெசித்தின் எதிலிருந்து? இதே இயந்திரத்தில் சோயா ஓடுகிறதா? பாட்ச் நம்பரைக் குறிப்பிட்டு, பதிலை எழுத்தில் கேளுங்கள். பதில் வராவிட்டால் அந்தச் சரக்கே வேண்டாம். காய்ந்த மாத்திரை, தேங்காயிலிருந்து எடுத்த எண்ணெயில் கரைத்த சொட்டு மருந்து, சூரியகாந்தி லெசித்தின் சேர்த்த பவுடர் என்று மாற்று வழிகள் உண்டு. டாக்டரிடமும் மருந்துக் கடைக்காரரிடமும் முன்கூட்டியே சொன்னால் தேடித் தருவார்கள்.

இன்னொன்று. போன தடவை வாங்கியதுதானே என்று இந்தத் தடவை படிக்காமல் இருக்காதீர்கள். எண்ணெய் விலை மாறினால் சேர்மானமும் மாறும். டப்பாவில் ஓடுகிற பையன் மட்டும் மாற மாட்டான். எழுத்து பொடியாக இருந்தால் கைபேசியில் படம் பிடித்துப் பெரிதாக்கிப் பாருங்கள்.

இவ்வளவும் சொன்ன பிறகு ஒரு மறு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். பயந்துபோய் எல்லாவற்றையும் நிறுத்திவிடாதீர்கள். சோயாவும் ஒரு பயறுதான் என்று கேள்விப்பட்ட ஒரு தாயார், குழந்தைக்குத் துவரம் பருப்பு, உளுந்து, கடலை எல்லாவற்றையும் நிறுத்திவிட்டார் என்று டாக்டர் வருத்தப்பட்டுச் சொன்னார். ஒரு பயறு ஆகாத குழந்தைக்கு மற்றப் பயறுகள் பெரும்பாலும் ஒத்துக்கொள்ளும். சாம்பாரும் இட்லியும் இல்லாமல் ஒரு குழந்தை வளர வேண்டுமானால், அதை டாக்டர் சொல்ல வேண்டும். சோயா அலர்ஜி பல குழந்தைகளுக்கு வளர வளர நீங்கியும் விடுகிறது. நீங்கிவிட்டதா என்பதை ஆஸ்பத்திரியில், டாக்டர் முன்னிலையில்தான் பார்க்க வேண்டும்; 'ஒரு ஸ்பூன் கொடுத்துப் பார்ப்போமே' என்று வீட்டில் பார்க்கக் கூடாது.

எல்லா ஜாக்கிரதையையும் மீறி ஒரு நாள் நடந்துவிட்டால்? தடிப்போடு வாந்தி, மூச்சிரைப்பு, குரல் கம்முதல், மயக்கம் இவற்றில் ஒன்று சேர்ந்தாலும் காத்திருக்காதீர்கள். முதல் மருந்து அட்ரினலின் ஊசி. அலர்ஜி ஸிரப்பைக் கொடுத்துவிட்டுத் தூங்கவைப்பது ஆபத்து. டாக்டர் ஊசி எழுதிக் கொடுத்து, போடக் கற்றுக் கொடுத்திருந்தால் உடனே தொடையில் போடுங்கள். 108-க்குச் சொல்லுங்கள். குழந்தையை நடக்கவிடாமல் படுக்கவையுங்கள்; மூச்சு விடச் சிரமப்பட்டால் உட்காரவைத்துக்கொள்ளுங்கள். இந்த நாலு வரியைப் பாட்டி, தாத்தா, வேலைக்காரி, பள்ளிக்கூட டீச்சர் எல்லாருக்கும் அவர்களுக்குத் தெரிந்த பாஷையில் எழுதிக் கொடுங்கள். அன்றைக்கு அந்த வீட்டில் இல்லாமற்போனது அந்தக் காகிதம்தான்.

அக்கா வீட்டுச் சமாசாரத்தைப் பாதியில் விட்டுவிட்டேன். நாலாம் நாள் சாயங்காலம் நான் போனபோது, மாமியாரும் மருமகளும் கூடத்தில் டப்பாவை நடுவில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அக்கா ஒரு காகிதத்தில் பெரிதாக மூன்று இங்கிலீஷ் எழுத்துக்களை எழுதியிருந்தாள். "இது பாம்பு மாதிரி வளைந்திருக்கு, அத்தை. இது வட்டம். இது கவண் மாதிரி இரண்டாகப் பிரியறது. இந்த மூன்றும் வரிசையாக வந்தால் தொடாதீங்க. 322 என்று நம்பர் வந்தாலும் தொடாதீங்க. பட்டியலே இல்லாவிட்டால் எனக்கு போன் பண்ணுங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். பாட்டி கண்ணாடியை மூக்கின் நுனிக்கு இறக்கிக்கொண்டு, டப்பாவில் அந்தப் பாம்பைத் தேடிக்கொண்டிருந்தார். கண்டுபிடித்ததும் விரலை அதிலேயே வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் எடுக்கவில்லை. அக்காவும் அவர் தோளிலிருந்து கையை எடுக்கவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை மருந்துக் கடையில் பாட்டி ஒரு சீசாவைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பதைக் கண்டு, "பாட்டிக்கு இங்கிலீஷ் வருமா?" என்று கடைப் பையன் கேட்டானாம்.

"மூணு எழுத்தும் ஒரு நம்பரும் தெரியும்பா" என்றாராம் பாட்டி. "என் பேரனுக்கு அது போதும்."